ரத்தக் குழாய் ஓரமாகப் புது நரம்பணு நடக்குமாம்: அம்மாவுக்கு 380 வெள்ளி மருந்து வாங்கலாமா?

செம்பனைத்தம்பி · செவ்வாய், இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு நாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். பேச்சு திரும்பிவிட்டது, காலும் ஓரளவுக்குப் பரவாயில்லை. கைதான் இன்னும் மடங்கியே இருக்கிறது. முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய கை.

நேற்று பக்கத்து வீட்டுக்கு வந்த ஒருவர் எங்கள் வீட்டையும் எட்டிப் பார்த்தார். கையில் ஒரு பாட்டில், விலை 380 வெள்ளி. "மூளையில் புது உயிரணுக்கள் ரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் போகும். இதைக் குடித்தால் ரத்த ஓட்டம் கூடும், ரத்தம் போகிற இடமெல்லாம் புது மூளை முளைக்கும்" என்றார். கைப்பேசியில் ஒரு படமும் காட்டினார். சிவப்பாக ஒரு குழாய், அதை ஒட்டி வரிசையாகப் பச்சைப் புழுக்கள். ஏதோ ஆய்வுக்கூடத்தில் எடுத்ததாம்.

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் கேட்கிறேன். அந்த ஆள் சொன்னது முழுப் பொய்யா? படம் போலி மாதிரி தெரியவில்லை.

லோரி_மணியம் · 9.50

380 வெள்ளிக்கு ஒரு மாதம் சந்தையில் நல்ல மீனாக வாங்கி அம்மாவுக்குக் கொடு தம்பி. மூளை வளருதோ இல்லையோ, வயிறு நிறையும்.

மூலிகை_நண்பன் · 10.05

எதையும் கேலி பண்ணுவது நம் ஆட்களுக்குப் பழக்கம். ஆராய்ச்சியில் நிரூபித்த விஷயம் அது. டாக்டர்மார்கள் சொல்ல மாட்டார்கள், அவர்கள் பிழைப்பு போய்விடும்.

பழைய_டிரஸ்ஸர் · 10.31

தம்பி, நான் 26 வருடம் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவன். ஒன்று புரியவில்லை. நரம்பணு எப்படி ரத்தத்துக்குள் போகும்? மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. மருந்தே பாதி உள்ளே நுழையாது. முழு உயிரணு நீந்திப் போகிறது என்றால் நம்புகிற மாதிரி இல்லை. நாங்கள் படித்த காலத்தில் பெரியவர்கள் மூளையில் புதிதாக எதுவும் முளைக்காது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மூளைக்காரி · 11.14

செம்பனைத்தம்பி, நானும் உங்கள் ஊர்ப் பெண்தான். இப்போது பினாங்கில் ஆய்வு மாணவி. மூளையின் ரத்தக் குழாய்கள்தான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் பெரும்பாலும் உண்மையானதுதான். அந்த மாதிரிப் படங்களை நானே எடுத்திருக்கிறேன். குழாய்ச் சுவருக்கு ஒரு சாயம், இளம் நரம்பணுவுக்கு இன்னொரு சாயம். ஆனால் அந்தத் தலை எலியின் தலை. அதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

டிரஸ்ஸர் ஐயா, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. உயிரணுக்கள் ரத்தத்துக்குள் போகவில்லை, குழாயின் வெளிச்சுவரை ஒட்டிப் போகின்றன. ஆற்றுத் தண்ணீரில் மிதப்பது வேறு, ஆற்றங்கரையில் நடப்பது வேறு. இவை கரையில் நடக்கிற கூட்டம்.

எங்கிருந்து எங்கே? மூளைக்கு நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் சில தாய் உயிரணுக்கள் வாழ்நாள் முழுக்கக் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் (எலிக்குச் சொல்கிறேன்). பிறந்த இளம் நரம்பணுக்கள் அங்கிருந்து மூக்குப் பக்கம் இருக்கும் மோப்பக் குமிழ் வரைக்கும் போகும். எலிக்கு அது சில மில்லிமீட்டர் தூரம். வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 மைக்ரோமீட்டரும் அதற்குக் கொஞ்சம் மேலும், அதாவது ஒரு மணி நேரம் நடந்தால் தலைமுடியின் தடிமனில் பாதி. போய்ச் சேர இரண்டிலிருந்து ஆறு நாள் பிடிக்கும்.

எப்படி நகர்கிறது என்று கேட்டால், ரப்பர்க் காட்டில் அட்டை போவதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை நீட்டித் துழாவும், ஓர் இடத்தில் ஊன்றிக்கொள்ளும், பிறகு பின்னுடம்பை ஒரே இழுப்பாக இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் நிற்கும், மறுபடி நீட்டும். நுண்ணோக்கியில் முதல் தடவை இதைப் பார்த்தபோது அட்டை ஏறாமலிருக்கப் பாட்டி காலில் அப்பும் சுண்ணாம்புதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வாத்தியாரம்மா · 11.22

படித்ததும் காலெல்லாம் அரிக்கிறது. ஆனால் புரிந்தது.

பழைய_டிரஸ்ஸர் · புதன், காலை 6.10

அப்படியானால் நான் படித்ததுதான் தப்பா?

மூளைக்காரி · 7.45

தப்பு என்று சொல்ல மாட்டேன் ஐயா, அந்தக் காலத்துப் பாடம் அது. நரம்பு ஆராய்ச்சியின் பிதாமகர் ரமோன் இ கஹால் 1910களில், வளர்ந்த மூளையில் எல்லாம் சாகலாம், எதுவும் திரும்ப முளைக்காது என்ற பொருளில் எழுதிவிட்டுப் போனார். அதுவே வேதவாக்கு ஆகிவிட்டது. 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் கதிரியக்க அடையாளம் போட்டுப் பார்த்து, வளர்ந்த எலி மூளையில் புது நரம்பணுக்கள் பிறக்கின்றன என்று எழுதினார். 1965 கட்டுரையில் கூட இருந்தவர் கோபால் தாஸ் என்பவர். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு 1980களில் ஃபெர்னாண்டோ நோட்டெபாம் கேனரிக் குருவிகளின் பாட்டு மூளையில் புது நரம்பணுக்களைக் காட்டியதும்தான் மறுபடி பேச்சு கிளம்பியது. 1994இல் கார்லோஸ் லோயிஸும் ஆர்துரோ அல்வாரெஸ் பூயாவும் எலியில் அந்த நீண்ட நடையைக் காட்டினார்கள்.

லோரி_மணியம் · 8.02

குருவியா! என் வீட்டு மெர்போக்குக்கும் புது மூளை முளைக்குமா தங்கச்சி? போட்டியில் இரண்டு வருடமாக ஒரே பாட்டைத்தான் பாடுகிறது.

மூளைக்காரி · 8.09

மெர்போக் புறா வகை அண்ணே. கேனரி மாதிரி கேட்டுக் கற்றுக்கொண்டு பாடாது, பிறவியிலேயே வந்த பாட்டு. ஒரே பாட்டுப் பாடுவது அதன் குற்றமில்லை.

சந்தேகப்பேர்வழி · 8.40

சரி, கதையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. குழாய் பக்கத்தில் இருப்பதாலேயே குழாய்தான் வழிகாட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? ரயில் பாதை ஓரமாக மாடு நடந்தால் ரயில் மாட்டுக்கு வழிகாட்டுகிறது என்று அர்த்தமா?

மூளைக்காரி · மதியம் 1.20

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சாப்பாட்டு நேரம் முழுக்க இதற்கே போகப்போகிறது.

முதலில் வடிவம். எலி மூளையின் மற்ற இடங்களில் நுண்குழாய்கள் வலை மாதிரி எல்லாத் திசையிலும் ஓடும். இந்த நடைபாதையில் மட்டும் பாதைக்கு இணையாக நீளவாக்கில் ஓடும். 2007இலும் 2009இலும் வெவ்வேறு குழுக்கள் இதைத் தனித்தனியாகக் காட்டின. மோப்பக் குமிழுக்குள் போனதும் உயிரணுக்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அங்கேயும் குழாய்களைப் பிடித்துக்கொண்டே திரும்புகின்றன.

இது மட்டும் போதாது, உங்கள் மாடு இதிலும் நடக்கலாம். அடுத்தது வேதியியல். கனடாவில் சகட்டேலியன் குழு 2009இல் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழாய்ச் சுவரின் உயிரணுக்கள் பிடிஎன்எஃப் என்ற புரதத்தைக் கசிய விடுகின்றன. நடக்கிற உயிரணுக்களின் மேல்தோலில் அதை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. அது பட்டால் நடை தொடரும். அதற்கான சைகையைத் தடுத்தால் நடை குலைகிறது. அப்போது மாடு எதைப் பின்தொடர்கிறது என்று தெரிந்துவிடுகிறது, இல்லையா?

இனிமேல்தான் வேடிக்கை. நடக்கிற உயிரணு காபா என்ற ஒரு பொருளைத் துப்பிக்கொண்டே போகும். பக்கத்தில் நட்சத்திர வடிவத்தில் துணை உயிரணுக்கள் இருக்கின்றன. அவை காபாவை உணர்ந்ததும் பிடிஎன்எஃபைப் பிடிக்கிற கொக்கிகளைத் தங்கள் மேல்தோலுக்கு அனுப்பி, மிச்சம் இருப்பதை உறிஞ்சிக்கொள்கின்றன. தீனி குறைந்ததும் நடக்கிற ஆள் நின்று மூச்சு வாங்குகிறான். அதாவது எங்கே நிற்பது என்பதிலும் நடப்பவனுக்குப் பங்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் பேசிக்கொள்கிற சாலை.

வாத்தியாரம்மா · 1.48

அந்தச் சாலையைப் போடுகிறவர் யார்? குழாய் ஏன் அந்தப் பாதையில் மட்டும் நேராக ஓடுகிறது?

மூளைக்காரி · 2.05

அதே நட்சத்திர உயிரணுக்கள்தான் டீச்சர். 2012இல் வந்த ஆய்வு: குட்டி எலியில் அவை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து குழாய்களை அந்தத் திசையில் வளரவைக்கின்றன. அப்புறம் நடக்கிற உயிரணுக்கள் ஸ்லிட் என்ற புரதத்தை விடுகின்றன. அது பட்டதும் வழியில் இருக்கும் நட்சத்திர உயிரணுக்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கின்றன. முன்னால் போகிறவன் லாலாங் புல்லை வெட்டிக்கொண்டே போக, பின்னால் வருகிறவர்கள் அந்தத் தடத்தில் வரிசையாக நடப்பது போல.

பழைய_டிரஸ்ஸர் · 2.30

பால்மரத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக மேலே ஏறாது, லேசாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டு ஏறும். அதனால்தான் இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சரிவாக வெட்டுவார்கள். அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். செம்பனைத்தம்பியின் அம்மாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரக்கட்டை வரைக்கும் இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் போய்விடும், கங்காணி திட்டுவார். குழாய் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவன்தான் நல்ல சீவுகாரன்.

செம்பனைத்தம்பி · மாலை 6.55

வேலை முடிந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். மில்லில் இன்று செம்பனைப் பழம் அதிகம். டிரஸ்ஸர் ஐயா சொன்னதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒரு நெல் அளவு பட்டையை விட்டுட்டுத்தான் நிறுத்தணும்னு கை தானா தெரிஞ்சுக்கும்" என்றார்.

தங்கச்சி, என் கேள்விக்கு வருவோம். எலிக்கு அடிபட்டால் அந்தப் புழுக்கள் அடிபட்ட இடத்துக்குப் போகுமா?

மூளைக்காரி · 8.15

போகும் அண்ணே. அதனால்தான் அந்தப் பாட்டில் விற்கிறவருக்கு வாயில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

எலிகளுக்குச் செயற்கையாகப் பக்கவாதம் உண்டாக்கிப் பார்த்தார்கள். மூக்குப் பக்கம் போக வேண்டிய கூட்டத்தில் ஒரு பகுதி வழியை மாற்றிக்கொண்டு காயம் பட்ட இடத்தை நோக்கிப் போகிறது. அங்கேயும் ரத்தக் குழாய்களை ஒட்டித்தான் போகிறது. அடிபட்ட இடத்தைச் சுற்றி ஒரு காலத்துக்குப் புது நுண்குழாய்கள் முளைக்கும், அவையும் பாதையாகின்றன. குழாயை மூடியிருக்கும் சவ்வில் லாமினின் என்ற பசை இருக்கிறது. உயிரணுவின் கால் அதில்தான் ஊன்றுகிறது.

ஆனால் போய்ச் சேர்ந்தவர்கள் கதை சோகமானது. 2002இல் ஸ்வீடனில் ஆர்விட்சன் குழு கணக்குப் போட்டது. புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் செத்துப்போகின்றன. இறந்துபோன நரம்பணுக்களில் இவை ஈடுகட்டியது சுமார் 0.2 சதவீதம்தான். ஆயிரம் பேர் வேலை பார்த்த தோட்டத்தில் எல்லாரும் போய், இரண்டு பேர் வந்து சேர்ந்த மாதிரி.

வழியிலும் தடை. காயத்தைச் சுற்றி நட்சத்திர உயிரணுக்கள் வீங்கி நெருங்கிக் காடாகிவிடும். 2018இல் ஜப்பான் குழு ஒன்று எலியின் இளம் நரம்பணுக்களில் ஸ்லிட் புரதத்தைக் கூட்டிப் பார்த்தது. அவை காட்டை விலக்கிக்கொண்டு காயத்துக்கு இன்னும் நெருங்கிப் போயின, எலியின் நடையும் கொஞ்சம் தேறியது. மரபணுவை மாற்றி ஆய்வுக்கூடத்தில் செய்த வேலை அது. பாட்டிலில் வராது.

மூலிகை_நண்பன் · 8.31

பார்த்தீர்களா, கடைசியில் ரத்த ஓட்டம்தான் முக்கியம் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். ரத்த ஓட்டம் கூடினால் உயிரணுவும் வேகமாகப் போகும்தானே?

மூளைக்காரி · 8.58

எலியில், ஆமாம். ஜப்பானில் சவாமோட்டோ குழு அதைத்தான் அண்மையில் காட்டியது. ரத்தம் நிறைய ஓடும் குழாய்களின் பக்கத்தில்தான் இந்த உயிரணுக்கள் அதிகமாகச் சேர்கின்றன. ஓட்டத்தைத் தடுத்தால் நடை மந்தமாகிறது. கரையில் நடப்பவனுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று தெரிகிறது என்று சொல்லலாம். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தேடியபோது கிடைத்தவற்றில் ஒன்று கிரெலின், பசி எடுக்கும்போது வயிறு சுரக்கும் ஹார்மோன். அது உயிரணுவின் பின்பக்கத்தை இறுக்கி உந்தித் தள்ள உதவுகிறது. அட்டை பின்னுடம்பை இழுக்கும் என்று சொன்னேனே, அந்த இடம்.

ஆனால் அந்த ஆய்வில் உங்கள் பாட்டில் இல்லை. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பாட்டில் மேல் எழுதியிருந்தால் இங்கே போடுங்கள், படிக்கலாம்.

லோரி_மணியம் · 9.03

பசி ஹார்மோனா? அப்போ என் மனைவி வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதால்தான் எல்லாவற்றையும் மோப்பம் பிடிக்கிறாள். சட்டையைத் தொங்கவிட்ட உடனே எந்தக் கடையில் உட்கார்ந்தேன் என்று சொல்லிவிடுவாள்.

மூளைக்காரி · 9.06

அக்காவுக்கு விஞ்ஞானம் தேவையே இல்லை அண்ணே. ஆனால் ஒன்று, பக்கவாதம் வந்தவர்களைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் ஆபத்தாகப் போகும்.

சந்தேகப்பேர்வழி · 9.20

எலி, எலி, எலி. மனுசனுக்கு?

மூளைக்காரி · 10.40

இதை எழுதத் தயங்கிக்கொண்டுதான் இருந்தேன். அம்மா படத்தைப் பார்த்த விதத்தைச் சொன்னீர்களே, அதனால்.

குழந்தைகளுக்கு உண்டு. 2011இல் வந்த ஆய்வில், கைக்குழந்தைகளின் மூளையில் இந்த நடைபாதை நன்றாகவே தெரிந்தது. எலியில் இல்லாத ஒரு கிளைப்பாதைகூட இருந்தது, நெற்றிப் பக்க மூளைக்குப் போவது. 2016இல் இன்னொரு ஆய்வு, பிறந்து முதல் சில மாதங்களில் நெற்றி மூளைக்குள் பெருங்கூட்டமாக இளம் நரம்பணுக்கள் போவதைக் காட்டியது. ரத்தக் குழாய்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக நிற்கும் படங்கள் அதில் இருக்கின்றன. ஒன்றரை வயதுக்குள் இந்த ஓட்டமெல்லாம் வற்றிப்போகிறது.

பெரியவர்களுக்கு? 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தார்கள். அதனால் காற்றில் கார்பன் 14 ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. ஓர் உயிரணு பிறந்த காலத்துக் காற்றின் கணக்கு அதன் மரபணுவில் தங்கிவிடும். அதை வைத்து 2012இல் மனித மோப்பக் குமிழைப் பார்த்தார்கள். அங்கே இருக்கும் நரம்பணுக்களின் வயதும் ஆளின் வயதும் ஏறக்குறைய ஒன்று. புதுவரவு இல்லை என்றே சொல்லலாம். நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில் சண்டை ஓயவில்லை. 2018இல் ஒரு குழு பெரியவர்களுக்கும் உண்டு என்றது, அதே ஆண்டு இன்னொரு குழு இல்லை என்றது. ஆனால் அந்தப் பகுதிக்கும் அம்மாவின் கைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

அம்மாவுக்குப் பேச்சும் காலும் தேறியது புது நரம்பணு முளைத்ததால் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வாரங்களில் வீக்கம் வடிந்ததும், உயிரோடு தப்பிய நரம்பணுக்கள் புதுப்புது இணைப்புகள் போட்டு மற்றவற்றின் வேலையை எடுத்துக்கொண்டதும்தான் பெரும் பங்கு. கையை ஆட்ட ஆட்டத்தான் அந்த இணைப்பு உறுதியாகும். பிசியோ சலிப்பாகத்தான் இருக்கும். ரத்தக் கொதிப்பு மாத்திரையை விடாமல் எடுப்பது அடுத்த அடி விழாமல் இருக்க.

பழைய_டிரஸ்ஸர் · 10.55

மாத்திரை விஷயத்தில் நான் ஒன்று சேர்க்கிறேன். இந்த மாதிரி பாட்டில்களில் சிலது ரத்தத்தை இளக்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே அதற்கு மாத்திரை கொடுத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் எங்காவது ரத்தம் கசிய ஆரம்பித்துவிடும். என் காலத்தில் ஒருவர் நாட்டு மருந்தும் ஆஸ்பத்திரி மருந்தும் சேர்த்துச் சாப்பிட்டு மூக்கில் ரத்தத்தோடு நடுராத்திரி கதவைத் தட்டினார். வாங்குவதானாலும் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளினிக்கில் காட்டிவிட்டு வாங்கு.

மூலிகை_நண்பன் · 11.02

எங்கள் தயாரிப்பு முழுக்க இயற்கை.

வாத்தியாரம்மா · 11.04

"எங்கள்" தயாரிப்பா?

லோரி_மணியம் · 11.05

பூனை வெளியே வந்துவிட்டது.

செம்பனைத்தம்பி · வியாழன், இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை அந்த ஆள் மறுபடி வந்தார். டிரஸ்ஸர் ஐயா சொன்ன மாதிரி, கிளினிக்கில் காட்ட ஒரு நாளைக்குப் பாட்டிலைக் கொடுங்கள் என்று கேட்டேன். முதலில் காசு, பிறகு எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அம்மாவிடம் மூளைக்காரி எழுதியதை என்னால் முடிந்த மட்டும் எளிமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்தப் பச்சைப் புழு என் தலையில இல்லையா?" என்றார். குழந்தையாக இருந்தபோது இருந்திருக்கும் அம்மா என்றேன். "உனக்கும் இருந்துச்சா?" எல்லாருக்கும் இருந்தது என்றேன். "உன்னை ஆயாக் கொட்டகையில விட்டுட்டு வேலைக்குப் போவேனே, அப்போவா?" என்று கேட்டார். கணக்குப் பார்த்தால் அப்போதுதான். நாற்பது நாளிலேயே என்னை அங்கே விட்டாராம். அங்கே படுத்துக்கிடந்தபோது என் தலைக்குள் அந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்திருக்கும்.

பிசியோவில் கைக்குப் பிடிமானப் பயிற்சி சொல்லியிருக்கிறார்கள். ரப்பர்ப் பந்து பிடிக்கச் சொன்னால் அம்மாவுக்கு அலுப்பு. இன்று தானாகவே பழைய பால் சீவும் கத்தியைக் கேட்டார். அலகைக் கழற்றிவிட்டுப் பிடியில் மட்டும் துணி சுற்றிக் கொடுத்தேன். மூன்று விரல் மடங்கியது, சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் வரவில்லை. இது சரியான பயிற்சிதானா என்று நாளைக்கு அங்கேயே கேட்டுக்கொள்கிறேன். ஈப்போவுக்குப் போக வண்டிதான் கிடைக்கவில்லை.

மூளைக்காரி · 8.34

பிடியின் தடிமனையும் கேளுங்கள் அண்ணே. மெல்லிய பிடி பிடிக்க ரொம்பக் கஷ்டம், துணியை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றித் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சரியா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

லோரி_மணியம் · 8.41

நாளைக்கு எனக்கு ஈப்போ பக்கம்தான் ஓட்டம் தம்பி. ஆனால் லோரியில் அம்மா ஏற முடியாது, என் மகனின் காரை எடுத்து வருகிறேன். காலை 7.15க்குத் தயாராக இருங்கள். அந்தக் கத்திப் பிடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.